பறைப் பெயரும் அடிப் பெயரும்

தமிழிசை ஆராய்ச்சி கடந்த நூற்றாண்டில் எய்திய வளர்ச்சியை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. விபுலானந்த அடிகளாரின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. இவ்விரு பெருநூல்களும் சுருதியையும் பண்ணையும் நரம்பையும் நிலைக்களமாகக் கொண்டு எழுந்தவை. இவற்றின் வழிவந்த ஆராய்ச்சியும் பெரும்பாலும் பண்ணாராய்ச்சியாகவே அமைந்தது. முழவுக்கு யாழ்நூல் போல்வதொரு நூல் வாய்க்கவில்லை. தெய்வசிகாமணிக் கவுண்டர் முயற்சியால் அச்சேறிய பஞ்சமரபு தாளத்தையும் கருவியையும் விரித்துரைப்பதும், வீ.ப.கா. சுந்தரம் அவர்களின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் தோற்கருவிகளுக்கு உரிய இடம் தந்திருப்பதும் உண்மையே. ஆயினும் களஞ்சியத்தில் இடம்பெறுதல் வேறு. தனியே ஆராயப்பெறுதல் வேறு.

அங்ஙனமாயின் தோற்கருவி பற்றி நம் தமிழ்த்துறைகளில் எழுதப்பெறும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் யாது செய்கின்றன? பெரும்பாலானவை பெயர்களைத் தொகுக்கின்றன. தொல்காப்பிய உரைகளிலிருந்து சில, மலைபடுகடாத்திலிருந்து சில, அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதை உரையில் நிரல்படுத்திய 31, திருமுறைகளிலிருந்து சில என அடுக்கி, முடிவில் ஒரு கூட்டுத்தொகை தந்து, பண்டைத் தமிழர் இத்துணைத் தோற்கருவிகளைக் கையாண்டனர் என்று பெருமிதத்தோடு நிறுத்துதல் வழக்கமாகிவிட்டது. கூட்டுத்தொகை கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடும். அதனாற் குற்றமில்லை, புதிதாகப் பயில்வார் விடுபட்டவற்றைச் சேர்ப்பது இயல்பே. குறை வேறிடத்தில் உள்ளது. பெயர் ஒன்றாயின் கருவியும் ஒன்று என்னும் கொள்கை இத்தொகைகளுக்கெல்லாம் அடியில் கிடக்கின்றது. அக்கொள்கையை எவரும் எடுத்து ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. கொள்கை என்று அறியாமலே கொண்டுள்ளனர் எனினும் பொருந்தும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார். எந்நிலத்துக்கு எப்பறை என்பதை அவர் விரிக்கவில்லை. விரித்தவர்கள் உரையாசிரியர்களும் அகப்பொருள் விளக்க நூலாரும் ஆவர். அவர்கள் தரும் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏறுகோட்பறை, மீன்கோட்பறை, நிரைகோட்பறை, வெறியாட்டுப்பறை, நெல்லரிகிணை, மணமுழவு, தொண்டகம், துடி என்றாற்போல வரும். இப்பெயர்களைச் சொல்லிலக்கண நெறியில் வகுத்து நோக்குக. குடமுழா என்பது குடம் போன்ற முழா, உவமைத்தொகை. சிறுபறை, பெரும்பறை என்பன பண்புத்தொகை. இவை கருவியின் வடிவையும் அளவையும் கூறுகின்றன; கருவியைக் காணாதவனும் அதன் உடலை ஒருவாறு உணர்தல் கூடும். ஏறுகோட்பறை என்பதோ ஏறு கொள்ளுதற்குரிய பறை. மீன்கோட்பறை மீன் கொள்ளுதற்குரியது, வெறியாட்டுப்பறை வெறியாட்டுக்குரியது. இவை நான்காம் வேற்றுமைப் பொருள்படத் தொக்கவை. இப்பெயர்களிலிருந்து கருவி ஒருமுகத்ததா இருமுகத்ததா, மரத்தாற் குடைந்ததா மண்ணால் வனைந்ததா, கையால் அறைவதா கோலால் அறைவதா என எதனையும் அறிதல் இயலாது. அறியக் கிடப்பது அது முழங்கிய அமயம் ஒன்றே.

அமயத்தால் பெற்ற பெயரைக் கருவியின் பெயராகக் கொள்ளுதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு நெல்லரிகிணை என்னும் பெயரே சான்று. கிணை என்னும் கருவியைப் புறநானூற்றால் நன்கறிவோம். கிணைப்பொருநர் விடியற்காலையில் வள்ளலின் வாயிலில் நின்று அதனை ஒலிப்பித்துப் பரிசில் பெறும் காட்சி அந்நூலின் இறுதிப் பகுதியில் பன்முறை வருகின்றது. அக்கிணையே வயலில் நெல்லரியுங்கால் முழங்கியபோது நெல்லரிகிணை ஆயிற்று. கருவி ஒன்று, அமயம் இரண்டு. தண்ணுமையும் அவ்வாறே. நற்றிணைப் பாட்டொன்றில் வெண்ணெல் அறுப்போர் முழக்கும் தண்ணுமைக்கு வெருவிப் பறவைகள் எழுகின்றன; புறப்பாட்டுகளில் அது போர்க்களத்தில் ஒலிக்கின்றது; சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தில் ஆசிரியன் கையில் அமர்கின்றது. இம்மூன்றிடத்தும் ஒரே அடி ஒலித்தது என்று எவரும் கூறார். வயலில் அடித்ததை அரங்கில் அடித்திருப்பின் மாதவி ஆடியிருக்க மாட்டாள்.

பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறப்பாட்டு (194) இவ்வகையில் மிக நுண்ணியது. ஒரு மனையில் சாவுக்குரிய நெய்தல் ஒலிக்கின்றது. மற்றொரு மனையில் மணத்துக்குரிய முழவு ஒலிக்கின்றது. உலகின் இன்னாமையைக் காட்ட இப்பாட்டை எடுத்தாளாதவர் இலர். ஆனால் புலவர் மணமனையில் முழவு என்று கூறி அமையாமல் முழவின் பாணி என்று தாளத்தையும் சுட்டுவதைக் கருதியவர் மிகச் சிலரே. தெருவில் நிற்பவன் காதுக்குச் சாவீடு இது, மண வீடு இது என அறிவித்தது கருவியின் உருவம் அன்று. அதனை அவன் கண்டிலன். ஒலித்த முறையே அறிவித்தது.

இப்பெயர்ச் சிக்கல் தமிழுக்கே உரியதன்று. கடல் கடந்த ஒரு தீவின் முழவு வரலாற்றில் இது நம் கண்முன்னே நிகழ்ந்து, ஆண்டுகளோடு பதிவாகியுள்ளது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடைத்து. நம் திரையிசைக் குழுவினர் தும்பா என்று வழங்கும் உயர்ந்த பீப்பாய் வடிவ முழவைப் பலரும் கண்டிருப்பர். தமிழ்த் திரையிசையில் பல பத்தாண்டுகளாகப் பழகிய இக்கருவி கியூபாத் தீவிலிருந்து வந்தது. தும்பா என்பது அத்தீவினரின் தும்பாதோரா என்னும் பெயரின் குறுக்கம். உலகெங்கும் அதற்கு வழங்கும் பெயர் காங்கா என்பது. அப்பெயர் வந்த வழிதான் நமக்கு வேண்டுவது. கியூபாவில் காங்கா என்றது முதற்கண் கருவியை அன்று. திருவிழா ஊர்வலத்தில் மக்கள் ஆடிச் செல்லும் ஆட்டத்தையும் அதன் தாளத்தையும் அவ்வாறு அழைத்தனர். 1930களில் அவ்வாட்டம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பரவியபோது, ஆட்டத்தின் பெயர் அதற்கு அடிக்கப்பெற்ற முழவின் மேல் ஏறியது. ஏறுகோட்பறையை ஒரு கருவி என எண்ணுவார் செய்வதையே அங்குக் கேட்போர் அனைவரும் செய்தனர். வேறுபாடு யாதெனின், அங்கு அது எப்போது நிகழ்ந்தது என்பதை அறிவோம்.

அம்முழவின் வரலாறு துயர் நிறைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகக் கியூபாவில் இறக்கப்பட்டனர். கரும்புத் தோட்டங்களே அவர்களுள் மிகப் பலருடைய வாழ்விடம். அவர்களுள் கொங்கோ நாட்டு வழியினர் கொணர்ந்த யூக்கா, மக்கூத்தா என்னும் முழவுகளே தும்பாதோராவின் முன்னோர் என்பர். யொருபா வழியினரின் பாத்தா என்னும் இருமுக முழவு வழிபாட்டுக்கே உரியதாக நின்றது. அதன் ஒலி ஏற்ற இறக்கங்கள் யொருபா மொழியின் ஒலிப்பைப் பின்பற்றுவன. அடிமை முறை 1886இல் ஒழிந்தது. ஒழிந்த பின்னும் முழவின் மேலிருந்த இழிவெண்ணம் ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அவானா நகரில் கறுப்பினத்தாரின் ஊர்வலக் குழுக்கள் தடை செய்யப்பெற்றிருந்தன. 1937இல்தான் மீண்டும் இசைவு கிடைத்தது.

ரும்பா என்பது அவானாவிலும் மத்தான்சாசு நகரிலும் துறைமுகத் தொழிலாளரிடையே வளர்ந்த ஆடற்பாடல். யாம்பு, குவகுவாங்கோ, கொலும்பியா என அது முத்திறப்படும். இம்மூன்றும் கருவிப் பெயர் அல்ல, அடிப் பெயர்கள். தொடக்கத்தில் முழவுக்கு மாறாக மரப்பெட்டிகளையே தட்டினர். பின்னரே தும்பாதோரா அவ்விடத்தைப் பெற்றது. பெட்டியில் தட்டினும் யாம்பு யாம்புவே. முழவில் அறையினும் அதுவே. கருவி மாறிற்று, பெயர் மாறவில்லை. இதற்கு மறுதலையாக, ஒரே வகை முழவு மூன்று வேறு பெயர் பெறுதலும் உண்டு. தாழ்ந்த ஒலியால் அடித்தளம் இடுவது தும்பா. இடை ஒலியால் அதற்கு விடை கூறுவது செகுந்தோ. உயர்ந்த ஒலியால் ஆடுவோன் அடியோடு போட்டியிடுவது கிந்தோ. உருவ வேறுபாடு சிறிது. தொழில் வேறுபாடு பெரிது. கியூப நாட்டு நூலொன்று பத்தொன்பது நூற்றாண்டு கழித்துக் கிடைத்து, அதனை நம்முடைய முறையால் ஓர் ஆராய்ச்சியாளர் படித்தால், தும்பா, தும்பாதோரா, காங்கா, செகுந்தோ, கிந்தோ, யாம்பு, குவகுவாங்கோ, கொலும்பியா என எட்டுத் தோற்கருவிகள் அத்தீவில் இருந்தன என எழுதுவார். இருந்தது ஒன்று.

பயிற்சியின் வழியாக நோக்கின் இது இன்னும் தெளிவாகும். காங்காவைப் பயில்வோன் முதலிற் கற்கும் பாடம் தும்பாவோ எனப்படும். அது எட்டு மாத்திரை கொண்டது. முதல் மாத்திரையில் இடக்கை உள்ளங்கையின் அடிப்பகுதி தோலிற் பதிகின்றது. இரண்டாவதில் அக்கையின் விரல்கள் பதிகின்றன. மூன்றாவதில் வலக்கை சுள்ளென அறைகின்றது. நான்காவதில் மீண்டும் இடக்கை விரல்கள். ஐந்தும் ஆறும் முதல் இரண்டைப் போன்றவை. ஏழிலும் எட்டிலும் வலக்கை திறந்த ஓசையை எழுப்புகின்றது. கேட்போர் காதில் நன்கு விழுவன மூன்றாவதும் ஏழு எட்டாவதும் மட்டுமே. முதல் மாத்திரை ஏறத்தாழ ஊமையாய் நிற்கும். சமத்தில் தட்டிப் பழகிய நம் கைக்கு இது முதலில் முரணாகத் தோன்றும். அதீதம், அநாகதம் என்னும் எடுப்பு வகைகளை அறிந்தார்க்கு முரண் விரைவில் நீங்கும். பயில்வோன் கற்பது முழவை அன்று, எங்கே ஒலியாது விடுவது என்பதை.

இதற்கு மேலே கிளாவே என்னும் ஒழுங்கு உண்டு. இரு சிறு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகளே அது. பதினாறு மாத்திரைக்குள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் அவை விழுமாயின் அது சோன் என்னும் இசை வகைக்குரியது. இடைவெளிகள் 3, 3, 4, 2, 4. மூன்றாம் ஒலி மட்டும் ஒரு மாத்திரை பிந்தி 8ஆம் இடத்தில் விழுமாயின் இடைவெளிகள் 3, 4, 3, 2, 4 என மாறும், அது ரும்பாவுக்குரியது. ஒரே கட்டை, ஒரே கை, ஐந்தே ஒலி. ஒரு மாத்திரைத் தள்ளலில் பெயர் வேறாகின்றது. நேரசை நிரையசையால் சீர் வேறாவதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. செய்யுளடியையும் பறையடியையும் அடி என்னும் ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம் மொழி.

இவ்விடத்தில் கியூபாவின் அறிஞர் ஒருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். பெர்னாண்டோ ஓர்ட்டிஸ் (1881-1969) குற்றவியல் அறிஞராகத் தொடங்கியவர். 1906இல் வெளிவந்த அவர்தம் முதல் பெருநூல் கறுப்பினத்தாரின் வழிபாட்டைக் குற்றத்தோடு இணைத்து நோக்கியது. பின்னர் அவர் பார்வை முற்றிலும் மாறிற்று. முழவடிப்போரைத் தேடிச் சென்று கேட்டார். 1930களில் பாத்தா முழவினரை அறிஞர் அவையின் மேடைக்கே அழைத்து வந்து அடிக்கச் செய்தார். 1952 முதல் 1955 வரை தம் நாட்டு ஆப்பிரிக்க வழி இசைக்கருவிகளைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். அவர் தொகுத்ததும் பெயர்களையே. ஆயினும் ஒவ்வொரு பெயரையும் அடிப்பவனிடம் கேட்டு, இது எதன் பெயர் என்று தெளிந்தபின் எழுதினார். நம் தொகைகளில் இல்லாதது அந்த ஒரு கேள்வி.

அக்கேள்வியை நம் நிலத்தில் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? சோலையார்பேட்டை - சேலம் இருப்புப்பாதையில் திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையில் உள்ளது சாமல்பட்டி. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சார்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் வழங்கும் எல்லைப்புறம் இம்மாவட்டம். அங்காளம்மன், திரௌபதியம்மன் விழாக்களில் இரட்டை முழவாகிய பம்பையை இங்குக் கேட்கலாம். ஒருமுகப் பறையோ தப்பு, தப்பட்டை, தமட்டை எனப் பல பெயர் பெறும்; எல்லைக்கு அப்பால் கன்னடர் தமட்டெ என்பர்; தெலுங்கர் டப்பு என்பர். பெயரெண்ணும் முறையால் இவ்வொரு வட்டாரத்திலேயே ஐந்து கருவிகள் கிடைத்துவிடும்.

இவ்வட்டாரத்துப் பறைஞர் சிலரிடம் யான் கருவியின் வகைகளைக் கேட்டபோது அவர்கள் அடியின் வகைகளையே கூறினர். வகை என்னும் சொல் அவர்களுக்கு அடியையே குறித்தது. சாமிக்கு அடிப்பது வேறு, கல்யாணத்துக்கு வேறு, சாவுக்கு வேறு என்று தொடங்கி, ஒவ்வொன்றையும் முதலில் வாயாற் சொல்லிக் காட்டிப் பின்னரே கையால் அடித்தனர். இது சாமல்பட்டிக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து தொகுக்கப்பெற்று இன்று பரவலாக வழங்கும் அடிப் பெயர்களை நோக்குக: சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, சப்பரத்தடி, மருள் அடி, வாழ்த்தடி, ஒத்தையடி, பாடம் அடி, சினிமா அடி. முதல் ஐந்தும் அமயப் பெயர்கள். ஏறுகோட்பறை, வெறியாட்டுப்பறை என்பவற்றோடு அமைப்பில் ஒத்தவை. மருள் அடியையும் வெறியாட்டுப்பறையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அவற்றினிடையே உள்ள உறவை மறுத்தல் அரிது. சினிமா அடி என்பதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. புதிய அமயம் வந்தது, புதிய அடி பிறந்தது, பழைய முறையிலேயே பெயர் பெற்றது.

வாயாற் சொல்லிக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு சொல். மிருதங்கத்துக்குச் சொற்கட்டு உண்டு. அது சாத்திரமாகப் போற்றப்படுகின்றது. பறைக்கும் சொற்கட்டு உண்டு. அதன் ஒரு துணுக்காகிய டண்டணக்கா என்பதைத் திரைப்படங்கள் எள்ளற் சொல்லாக்கிவிட்டன. கியூபாவின் சானோ போசோ (1915-1948) இசைக்குறி எழுதப் படிக்க அறியாதவர்; ஆங்கிலமும் பேசார். 1947இல் டிசி கில்லெசுப்பியின் குழுவுக்காக மாந்தேக்கா என்னும் புகழ்பெற்ற இசையமைப்புக்கு வழிவகுத்தபோது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை வாயாற் பாடியே காட்டினார். அவர் பாடியதை எழுதிக்கொண்டார்கள், எள்ளவில்லை.

வேறொன்றும் ஒப்புநோக்கத்தக்கது. பறைத்தோலை வைக்கோல் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றுதல் நாம் நாளும் காண்பது. தும்பாதோராவின் தோலும் முன்னாளில் ஆணியால் அறையப்பெற்று, தீயிற் காய்ச்சியே விறைப்பேற்றப்பட்டது. திருகாணி பொருத்திய இரும்பு வளையம் 1950களையொட்டிப் பரவியது. வளையம் வந்தபின் அக்கருவியைத் தொழிற்சாலைகள் செய்தன, உலகெங்கும் விற்றன, பயிற்சி நூல்கள் பெருகின. 1991இல் மிக்கி ஆர்ட் தொகுத்த கோளப்பறை என்னும் பொருள்படும் இசைத்தட்டில் போர்த்தோரிக்கோவின் சோவான்னி இதால்கோவின் காங்காவும் நம் விக்கு விநாயகராமின் கடமும் ஒருங்கே ஒலித்தன. 1992இல் அது கிராமி விருது பெற்றது. 2016இல் யுனெசுகோ ரும்பாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பறையும் மதிப்புப் பெறாமல் இல்லை. கருநாடகத்துச் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தின் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இலும், மதுரை மாவட்டத்துப் பறையாசான் வேலு ஆசானுக்கு 2025இலும் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. எல்லையின் இருபுறமும் ஒரு கருவி. அரசு ஏட்டில் இரு பெயர்.

இனி, இப்பெயராராய்ச்சியில் என்ன கெட்டுவிட்டது என வினவுவாரும் இருப்பர். எண்ணிக்கை கூடினும் குறையினும் பறை பறைதானே என்பர். கெடுவது உண்டு. அடியார்க்குநல்லார் 31 பெயர்களை நிரல்படுத்தியதோடு அமையவில்லை. அவற்றை அகமுழவு, அகப்புற முழவு, புறமுழவு, புறப்புற முழவு என்றும், பண்ணமை முழவு, நாண்முழவு, காலை முழவு என்றும் வகுத்தார். மத்தளம் முதலியன தலைமையானவையாக அகத்தில் நின்றன. தண்ணுமை, தக்கை முதலியன இடைப்பட்டவையாக அகப்புறத்தில் நின்றன. கணப்பறை முதலியன கடைப்பட்டவையாகப் புறத்தில் நின்றன. நெய்தற்பறை முதலியன புறத்துக்கும் புறத்தே தள்ளப்பட்டன. அரங்கேற்று காதையில் இத்துணைச் சிறப்புப் பெற்ற தண்ணுமை இடைநிலையில் வைக்கப்பட்டமை விளங்குதற்கு அரிதாயினும், நெய்தற்பறை கடைக்கோடிக்குச் சென்றமை எளிதில் விளங்கும். இது ஒலியால் வகுத்த வகையன்று, அமயத்தால் வகுத்தது. சாவின் தீட்டு அடியின் மேல் ஏறி, அடியிலிருந்து கருவியின் மேல் ஏறி, கருவியிலிருந்து அடிப்பவன் மேல் ஏறியது. அமயப் பெயரைக் கருவிப் பெயராக்கும் பிழை ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. ஒருவன் அடிக்கும் பல அடிகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, அதுவே அவன் கருவி, அதுவே அவன் குலம் என்று ஊர் கூறியதும் இதே பிழைதான்.

இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் இளைஞர் பறையைத் தொட மறுத்தனர். அம்மறுப்பைக் கலையிழப்பு என்று வருந்தி எழுதுவோர் அடிப்போருக்கு ஊர் விதித்த கட்டாயத்தைக் கணக்கில் கொள்வதில்லை. மறுத்தது அடியை அன்று, ஏவலை. 1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழு முதலியன பறையைப் பெண்கள் கையிலும் கொடுத்து மேடையேற்றியபோது அதே அடிகள் உரிமைக் குரலாயின. இன்று நகரங்களில் பறைப் பயிற்சி வகுப்புகள் பல நடைபெறுகின்றன. கணிப்பொறித் தொழிலாளரும் கல்லூரி மாணவரும் பயில்கின்றனர். சாமல்பட்டிப் பக்கத்து இளைஞரோ ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். கோயில் விழாவுக்குக் கேரளச் செண்டையும் நாசிக் டோலும் அமர்த்தப்படுகின்றன. கருவி பரவுகின்றது, அடிகள் சுருங்குகின்றன. நகர வகுப்பில் பயிலப்பெறும் அடிகள் மேடைக்கு ஏற்ற சிலவே. கருவியின் பெயரையே எண்ணிப் பழகிய ஆராய்ச்சிக்கு இச்சுருக்கம் கண்ணிற் படாது. அதன் கணக்கில் பறை என்னும் ஒன்று குறையாமல் இருக்கும்.

என் கருத்துக்குத் தடைகள் உள. துடி, உடுக்கை, இடக்கை, குடமுழா ஆகியன உருவால் வேறான கருவிகள் என்பதில் ஐயமில்லை; பெயர்கள் யாவும் அடிப் பெயர்கள் என்று யான் கூறவில்லை. தொண்டகம் கருவிப் பெயராகவே தோன்றுகின்றது. இன்றைய வழக்கைக் கொண்டு ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதை நிறுவுதல் கூடாது என்பதும் முறையான தடையே. ஆதலின்றே கிணையையும் தண்ணுமையையும் முதலில் வைத்தேன். அவை பாட்டுக்குள்ளேயே நிற்கும் சான்றுகள். சாமல்பட்டியும் அவானாவும் அச்சான்றுகளை எப்படிப் படிப்பது என்பதற்குத் துணையாவன, அவ்வளவே. இதனோடு சேர்த்து எதிர்ப்பிழை ஒன்றையும் விலக்க வேண்டும். சங்கப் பாட்டில் பறை என்று வருமிடமெல்லாம் இன்றைய ஒருமுகப் பறையே என்று கொள்வார் பெருகி வருகின்றனர். அங்குப் பறை என்பது தோற்கருவிக்கெல்லாம் பொதுப்பெயர். ஒருமுகக் கருவிகளும் அவற்றுள் இருந்தன என்பதற்கு மலைபடுகடாம் கூறும் பதலை ஒன்றே சான்று. அதனை ஒருகண் மாக்கிணை என உரைகாரர் விளக்குவர். இன்றைய பறைக்குத் தொன்மை வேண்டுமாயின் அதனை உருவில் தேடுவதினும் அடிப் பெயரின் அமைப்பில் தேடுதல் உறுதி பயக்கும்.

சிலப்பதிகாரம் தண்ணுமை முதல்வனின் திறத்தைக் கூறுமிடத்தும் கருவியின் உருவைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆடலும் பாடலும் தாளமும் அறிந்தவனாதல், நகமும் விரலும் படும் நுண்மை, பிற கருவிகளின் குறையை நிரப்பித் தன் மிகையை அடக்குதல் என்பவையே அங்குப் பேசப்படுகின்றன. இளங்கோவடிகளுக்கு முழவென்பது கைத்தொழில். அதற்கு உரை எழுதப் புகுந்தவர் அவ்விடத்தில் பெயர்களை நிரல்படுத்த, பின்வந்தோர் மூலத்தை விட்டு நிரலைப் பற்றிக்கொண்டனர்.

அந்நிரலில் புறப்புறத்தே நிறுத்தப்பட்ட நெய்தற்பறையை மீண்டும் நோக்குவோம். சாவுக்குரிய அடி ஒன்றே என்று எண்ணுவார்க்கு ஒரு செய்தி. கிருட்டிணகிரி வட்டாரத்தில் பிணம் வீட்டில் கிடக்கும்போது அடிப்பது ஓர் அடி, உறவினர் வரிசையோடு வருங்கால் அவர்களை எதிர்கொண்டு அடிப்பது மற்றொன்று, பாடை எழும்போது மற்றொன்று, வழிநடைக்கு மற்றொன்று, சுடுகாட்டு எல்லையில் அது மீண்டும் மாறும். வீட்டுக்குள் இருக்கும் முதியவர், பாடை எவ்விடத்தைக் கடக்கின்றது என்பதைக் காதாலேயே அறிவர். நன்கணியார் பாட்டில் ஒலித்த நெய்தல் இவற்றுள் எது என்னும் வினா, அவற்றுக்கு ஐந்து பெயர் உண்டு என்று அறிந்த பின்னரே எழும்.